அவியலுக்குப் பக்கத்தில் மட்டன்

போன செவ்வாய்க்கிழமை கமலம் அக்கா போன் செய்தார். இங்கே ஜொகூரில், உலு திராமில் இருக்கிறார். நம் கேட்டரிங்குக்குப் பல வருட வாடிக்கையாளர். அப்பளம் எந்த எண்ணெயில் பொரித்தது என்றுகூட விசாரிக்கிற அளவுக்குக் கடுமையான சைவம்.

"மணியம் தம்பி, உங்க வெப்சைட்டு செத்துப் போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னாக்கா சொல்றீங்க?"

"புரட்டாசி சனிக்கிழமைக்கு ஆர்டர் கொடுக்கலாம்னு ஹேண்ட்போனத் தொறந்தா, வெள்ளையா நிக்குது லா. சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி. தேத்தண்ணி கலக்கிக் குடிச்சிட்டு வந்து பாத்தேன்... இன்னும் வெள்ளைதான்."

"லைன் சரியில்லையோ என்னவோ..."

"காய்கறிக்காரரு வெப்சைட்டு இதே லைன்லதான் பட்டுனு வருது. உங்களோடதுதான் வரல. நீங்க பெரிய ஆளாயிட்டீங்க. எங்களுக்கெல்லாம் தொறக்குமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்கு அன்றைய காலைப் பசியாறல் இறங்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்திருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கல்யாண வீடுகளில் அண்டா கழுவியவன். இன்று மாசாயில் எனக்குச் சொந்தமாகச் சமையல் கொட்டகை இருக்கிறது, லோரிகள் இருக்கின்றன. டத்தோ பட்டம் வாங்கியவர் வீட்டுக் கல்யாணம் முதல் தொழிற்சாலை ஆண்டு விருந்து வரை என் சாப்பாடு போகிறது. எவரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானே எழுந்தேன். தற்பெருமை என்பார்கள். பெருமைப்பட ஒன்று இருப்பவன் பெருமைப்படுகிறான் — இதில் என்ன தப்பு?

என் தொழிலின் ரகசியத்தைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். மசாலாவா, கைப்பக்குவமா என்று. இரண்டும் இல்லை. தனித்தனி! அதுதான் ரகசியம். சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனிக் கழுவுமிடம். லோரியில்கூடத் தனி அடுக்கு. ஒரு கல்யாணத்தில், மட்டன் கரண்டியைக் கைமறதியாகப் பருப்புக் குழம்பில் விட்டுவிட்டார் நம் ஆள் ஒருவர். யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பந்தி உட்காரப் போகிற நேரத்தில் அந்த அண்டா முழுவதையும் சாக்கடையில் கவிழ்க்கச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்து நின்றார்கள். பருப்பு இல்லாமல்தான் பந்தி நடந்தது. ஆனால் அதன் பிறகு சைவக்காரர்கள் யாரும் என்னைவிட்டு வேறு ஆளிடம் போனதில்லை.

சரி, வெப்சைட்டுக்கு வருவோம்.

அதைச் செய்து கொடுத்தது என் மகள் மேகலா. சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் இதே வேலைதான் பார்க்கிறாள். மருமகன் கப்பலில் இருக்கிறார். இப்போது அவள் வாயும் வயிறுமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். முன்பெல்லாம் விடியுமுன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் போவாள். டாக்டர் மோட்டார்சைக்கிளைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் பஸ். பஸ் என்றால் உட்கார்ந்து போகிற பஸ் இல்லை. இமிகிரேஷனில் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி... ஜொகூர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். அவள் அம்மா வெந்நீர் வைத்துக் காத்திருப்பாள்.

நல்லவேளையாக ஒரு வழி வந்தது. சிங்கப்பூரிலேயே இன்னொரு கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், பாலம் தாண்ட வேண்டாம் என்றார்கள். ஆனால் ஒரு பரீட்சை. 'நீ சொந்தமாகச் செய்த வெப்சைட் ஒன்றைக் காட்டு. சாதாரண ஹேண்ட்போனில் சட்டென்று திறக்க வேண்டும். ஃபைல் நாங்கள் சொல்கிற அளவைத் தாண்டக் கூடாது.' இவ்வளவுதான். ஆபீஸில் செய்ததெல்லாம் ஆபீஸின் சொத்து. காட்ட முடியாது. அவள் கையில் சொந்தமாக இருந்தது ஒன்றே ஒன்று — நம் கேட்டரிங் வெப்சைட்.

எனக்கு எவ்வளவு பெருமை, பாருங்கள். என் மெனு சிங்கப்பூருக்குப் பரீட்சை எழுதப் போகிறது!

செவ்வாய் சாயங்காலம் கமலம் அக்கா சொன்னதை மேகலாவிடம் சொன்னேன். அவள் முகம் ஏற்கெனவே வாடியிருந்தது.

"தெரியும்ப்பா. அந்தக் கம்பெனியிலேருந்தும் இன்னிக்கு மெயில் வந்துச்சு. எழுதின விதம் நல்லாருக்காம். ஆனா வெளிய போற ஃபைலு ரொம்பப் பெருசாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சின்னதாக்கிக் காட்டச் சொல்லியிருக்காங்க."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அவ்வளவுதான். இப்படியே எத்தன நாளு பஸ்ல நிக்க முடியும்? வேலைய விட்டுட வேண்டியதுதான்."

சாதாரணமாகச் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொல்லும்போதுதான் எனக்குப் பயம். இந்தப் படிப்பு படிக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"என்னா பெருசு? எந்த ஃபைலு? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

சொன்னாள். எனக்குப் புரிந்தவரை உங்களுக்குச் சொல்கிறேன். தப்பாக இருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெப்சைட்டில் எழுத்தும் படமும் ஒரு பக்கம். அவற்றுக்கு என்ன நிறம், எவ்வளவு இடைவெளி, ஓரத்தில் என்ன அலங்காரம் என்று சொல்வதற்குத் தனியாக ஒரு ஃபைல். அதற்குப் பெயர் சிஎஸ்எஸ். அந்த ஃபைல் வந்து சேரும்வரை ஹேண்ட்போன் எதையும் காட்டாமல் காத்துக்கொண்டிருக்குமாம். கமலம் அக்கா பார்த்த வெள்ளைச் சுவர் அதுதான்.

அந்த சிஎஸ்எஸ்ஸை மேகலா நேரடியாக எழுதுவதில்லை. அவள் சுருக்கமாக எழுதுவதை வாங்கி, விரித்து எழுதிக் கொடுக்க ஒரு புரோகிராம் இருக்கிறது. ப்ரீபிராசசர் என்கிறாள். அதில் மிக்சின் என்று ஒரு வசதி. அடிக்கடி தேவைப்படும் வரிகளை ஒன்றாக மூட்டை கட்டி, ஒரு பெயர் வைத்துவிட வேண்டியது. பிறகு எங்கே தேவையோ அங்கே பெயரை மட்டும் சொன்னால் போதும். முழு மூட்டையும் அங்கே வந்து இறங்கிவிடும்.

"நல்ல வசதிதானே?" என்றேன்.

"நல்ல வசதிதான். நான்தான் அதுக்குள்ள கோலத்தப் போட்டேன்."

கோலம்! அது என் யோசனை. மெனுவில் உள்ள ஒவ்வொரு பதார்த்தத்தையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சுற்றி இழைக்கோலம் போடச் சொன்னவன் நான். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் வெப்சைட்டில்கூட அப்படி இல்லை.

"கோலத்தோட முழுப் படமும் எழுத்தா அந்த மூட்டைக்குள்ள இருக்குப்பா. ஒவ்வொரு புள்ளி, ஒவ்வொரு வளைவு. அவியலுக்கு அந்த மூட்டைய எறக்குனா முழுக் கோலமும் எறங்குது. ரசத்துக்கு எறக்குனா மறுபடி முழுக் கோலம். மட்டனுக்கு மறுபடியும்..."

"நீ எத்தன தடவ எழுதின?"

"ஒரு தடவ."

"பின்ன எப்படி அத்தன தடவ வந்துச்சு?"

"அது காப்பி பண்ணுதுப்பா."

"யாரு பண்ணச் சொன்னது?"

"நாந்தான். ஆனா நான் எழுதுற எடத்துல ஒரு வரிதான் தெரியும். வெளிய போற ஃபைல்லதான் மல மாதிரி நிக்கும். மெனு சின்னதா இருந்தப்ப தெரியல. நீங்க வாரத்துக்கு ஒண்ணு கூட்டிக்கிட்டே போனீங்க. இப்ப நூத்துச் சொச்சம் ஐட்டம் இருக்கு."

எனக்குத் தலை சுற்றியது. எழுதுவது கொஞ்சம், வருவது மலை. இது என்ன கணக்கு? என் கொட்டகையில் ஒரு படி அரிசி போட்டால் ஒரு படிச் சோறு... இல்லை, அதுவும் பொங்கி நிறையத்தான் வரும். சரி, அந்த உதாரணம் வேண்டாம்.

"அப்ப சுருட்டி அனுப்பு," என்றேன். "பெரிய மெத்தையவே காத்த உறிஞ்சி எடுத்துப் பாக்கெட்ல அடைக்கிறாங்க இல்ல?"

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். "அதுவும் இருக்குப்பா! ஜிப்புனு பேரு."

பார்த்தீர்களா? ஆறாம் வகுப்பு!

"ஆனா நாம வெப்சைட்டு வைக்க வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்ல அந்த வசதி இல்ல. அப்படியே இருந்தாலும் போய்ச் சேந்த எடத்துல பிரிச்சுத்தானே படிக்கணும்? அந்தக் கம்பெனி பிரிச்ச அளவத்தான் பாக்குது."

இருப்பதிலேயே மலிவான அந்த ஹோஸ்டிங்கைப் பிடித்தது யார் என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

"கவலப்படாதீங்க, வழி இருக்கு," என்றாள். "மூட்டையில எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிற சாமான வெளிய எடுத்துடணும். கோலம், நெழலு, எடவெளி... இதெல்லாம் மாறவே மாறாது. அத ஒரே தடவ எழுதி, இது யாரு யாருக்குன்னு மேல பேர மட்டும் வரிசையாப் போட்டுட்டாப் போதும். மிக்சின்ல மாறுறது மட்டும் இருக்கும். சாம்பாருக்கு ஒரு நெறம், ரசத்துக்கு ஒரு நெறம். அவ்வளவுதான்."

தட்டினாள். அந்தப் புரோகிராம் ஓடியது. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "பாருங்க. எவ்வளவு எளைச்சிருச்சுன்னு பாருங்க!"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். மேலே பெயர் வரிசை. மெனுவில் நான் வைத்த அதே வரிசை.

அவியல், ஒரு கமா. மட்டன், ஒரு கமா. ரசம், ஒரு கமா. கோழிப் பெரட்டல்...

எல்லோருக்கும் சேர்த்துக் கீழே ஒரே கோலம்.

"கழட்டு," என்றேன்.

"எதப்பா?"

"அவியலுக்குப் பக்கத்துல மட்டன் இருக்கு. கழட்டு."

மேகலா என்னையே பார்த்தாள். "அப்பா... இது சாப்பாடு இல்ல. பேரு. கம்ப்யூட்டருக்கு நாம சொல்ற குறிப்பு."

"எல்லாம் தனித்தனினு வெப்சைட்டு தலையிலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கோம். உள்ள பாத்தா ரெண்டும் ஒரே வரியில ஒட்டிக்கிட்டு நிக்குது. எவனாவது பாத்தான்னா?"

"யாருப்பா பாக்கப் போறா?"

"கமலம் அக்கா பாப்பாங்க."

"கமலம் அத்தைக்கு சிஎஸ்எஸ் படிக்கத் தெரியுமா?"

"அவங்களுக்கு என்னா தெரியும், என்னா தெரியாதுனு எனக்கு எப்படித் தெரியும்? நம்ம லோரிக்குள்ள ஏறி அடுக்க மோந்து பாத்தவங்க அவங்க!"

மேகலா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்க வெப்சைட்டுப்பா. உங்க இஷ்டம்," என்று செய்ததையெல்லாம் பழையபடி மாற்றினாள். கம்ப்யூட்டரை மூடினாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து தன் அறைக்குப் போனாள்.

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி சரோஜா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க, அந்த எழுத்த யாரு எடுத்து வாயில வைக்கப் போறா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சிருச்சா?"

நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் இருட்டோடு மேகலா கிளம்பினாள். சரோஜா சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தாள். செருப்பு நுழையவில்லை. என்னுடைய ரப்பர் சிலிப்பரை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி நடந்தாள். சிங்கப்பூர் ஆபீஸுக்கு, அப்பாவின் சிலிப்பரில். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னால் சொன்னதுதான் என்று இருப்பவன் நான். ஆனால் அன்று மனசு ஒரு நிலையில் இல்லை. நான் பிடித்த பிடி சரியா? சரி என்றால் மகளின் வேலை போகும். தப்பு என்றால் நான் இத்தனை நாள் கட்டிக் காத்தது என்ன? யாரைக் கேட்பது? கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்குச் சைவம் தெரியாது. சைவம் தெரிந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது...

சைவம் தெரிந்தவரையே கேட்போம் என்று காரை எடுத்துக்கொண்டு உலு திராமுக்கே போய்விட்டேன்.

கமலம் அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னா தம்பி, வெப்சைட்டு வரலேன்னு ஆளே நேர்ல வந்துட்டீங்க?"

பழைய பேப்பர் ஒன்றை வாங்கி, ஓரத்தில் எழுதிக் காட்டினேன். அவியல், கமா, மட்டன், கமா, ரசம், கமா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்னா, பந்தி வரிசையா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற வரிசை. யாரு கண்ணுக்கும் தெரியாது. இப்படி எழுதினா ஃபைலு சின்னதாகுது, வெப்சைட்டு பட்டுனு தொறக்கும். இப்படி எழுதலாமா, கூடாதா? நீங்க சொல்லுங்க."

கீரையை ஒதுக்கி வைத்தார்.

"மட்டன ஏன் இங்க வச்சீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அதத்தான்கா நானும் கேட்டேன்!"

"கூடாது தம்பி. கண்ணுக்குத் தெரியாட்டியும் இனிமே எனக்குத் தெரியுமே! சாப்பிடும்போது ஞாபகம் வந்து தொலைக்கும்."

நான் ஜெயித்துவிட்டேன். எழுந்து வேட்டியை உதறினேன். ஆனால் கால் வாசலைத் தாண்ட மறுத்தது. என் சிலிப்பரை மாட்டிக்கொண்டு போன மேகலாதான் ஞாபகத்தில் நின்றாள்.

அக்கா பேப்பரைக் கீழே வைக்கவில்லை. "அப்ப இப்ப எப்படி எழுதியிருக்கீங்க?"

"எல்லாம் தனித்தனியாக்கா. அவியலுக்கு ஒரு கோலம், ரசத்துக்கு ஒரு கோலம், சாம்பாருக்கு ஒரு கோலம்..."

"ரசத்துக்கும் சாம்பாருக்கும் என்னா சண்ட?"

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"பின்ன எதுக்கு அதுங்கள பிரிச்சு வச்சீங்க? எனக்கு மட்டன் இந்தப் பக்கம் வரக் கூடாது. அவ்வளவுதான். ரசம் சாம்பார் பக்கத்துல உக்காந்தா நான் கேக்கப் போறேனா? உங்க கொட்டகையில ஒவ்வொரு கறிக்கும் ஒரு தண்ணிக் கொழாயா வச்சிருக்கீங்க?"

"இல்லக்கா, ரெண்டுதான்."

"அலமாக்! அப்பறம் என்னா தம்பி?"

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால்... முந்தின சாயங்காலம் நான் மேகலாவிடம் என்ன சொன்னேன்? 'எல்லாம் தனித்தனி' என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மனசில் நினைத்தது இரண்டு பக்கம். வாயில் வந்தது 'எல்லாம்.' அப்பா சொன்னார் என்று அவள் பழையபடி மாற்றி, அதை நூற்றுச் சொச்சம் இடத்தில் அப்படியே இறக்கிவிட்டாள்.

வீட்டில் பெரியவர்கள் பேசுவது எல்லாமே இப்படித்தானோ? நாம் ஒரு தடவை சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். 'வெளியே போகாதே.' 'சத்தமாச் சிரிக்காதே.' அது பிள்ளைகளுக்குள் எத்தனை இடத்தில், எவ்வளவு பெரிதாகப் போய் இறங்குகிறது என்று நமக்குத் தெரிவதே இல்லை. நமக்குத் தெரிவது அந்த ஒரு வரிதான். 'ஒரு தடவைதானே சொன்னேன்' என்று நியாயம் வேறு பேசுவோம்!

காரில் உட்கார்ந்து மேகலாவுக்குப் போன் செய்தேன். சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

"மா, பேரு வரிசைய ஒண்ணாப் போடாம ரெண்டாப் போட முடியுமா?"

"என்னாப்பா ரெண்டு?"

"சைவம் எல்லாம் ஒரு வரிசை. அவங்களுக்கு ஒரு கோலம். அசைவம் எல்லாம் இன்னொரு வரிசை. அதுக்கு ஒரு கோலம். கோலம் ரெண்டு தடவ போவும். அது ரொம்பப் பெருசாயிருமா?"

அவள் வாய்க்குள்ளேயே கணக்குப் போடுவது கேட்டது.

"ஆகாதுப்பா," என்றாள். "நூறு எங்க, ரெண்டு எங்க! தாராளமா அளவுக்குள்ள வந்துரும். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. நீங்களா யோசிச்சீங்க?"

"ஆமா," என்றேன்.

கமலம் அக்கா இந்தப் பத்தியைப் படிப்பார் என்று தெரியும். பரவாயில்லை. அவரைத் தேடிப் போக வேண்டும் என்று யோசித்தவன் நான்தானே?

வெள்ளிக்கிழமை மேகலா லீவு போட்டாள். அந்தக் கம்பெனி அம்மா கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசுவதாக ஏற்பாடு. சிங்கப்பூர்ச் சீனப் பெண்மணி. மேகலா ஹாலில் உட்கார்ந்துகொண்டாள். நானும் சரோஜாவும் சமையலறைக் கதவுக்குப் பின்னால். பேச்செல்லாம் ஆங்கிலம். எனக்குப் பாதி விளங்கியது. மீதியை மேகலா பிறகு சொன்னாள்.

வெப்சைட் பட்டென்று திறந்தது. ஃபைல் அளவுக்குள் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது பார்த்து அந்த அம்மா கேட்டார்: "இரண்டு வரிசையும் ஒரே மாதிரி இருக்கிறதே? ஒன்றாகச் சேர்த்தால் இன்னும் சின்னதாகுமே, ஏன் சேர்க்கவில்லை?"

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேலே ஓடிய பல்லியைப் பார்த்தேன்.

மேகலா தயங்கவில்லை. "வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்டார். சைவமும் அசைவமும் எங்கேயும் கலக்கக் கூடாது என்பது அவர் தொழில் முறை. உங்கள் அளவுக்குள் வருகிறது, அவர் சொன்னதும் நடக்கிறது."

"கஷ்டமான வாடிக்கையாளரோ?"

"என் அப்பா."

அந்த அம்மா சிரித்தார். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா? இங்கிருந்து எப்படித் தெரியும்? சிரிப்பு நின்றதும் அடுத்த கேள்வி. "சரி, நாளைக்கு இன்னொரு ஐட்டம் வந்தால் மறுபடியும் மலையாகிவிடாதா? என் கண் முன்னால் ஒன்றைச் சேர்த்துக் காட்டு."

"எதைச் சேர்க்கட்டும்?"

"உங்கள் மெனுவில் சைவ மட்டன் இல்லையே! எங்கள் வீட்டில் அதுதான் எல்லோருக்கும் பிடிக்கும்."

சைவ மட்டன்! சோயாவில் செய்கிறார்களே, அதுதான். நம் ஊர்ச் சைவக் கல்யாணங்களில் இப்போது அது இல்லாமல் இலை நிறைவதில்லை. எப்படி விட்டுப் போனது?

மேகலாவின் விரல் ஓடியது. ஒரு பெயரை வரிசையில் சேர்த்தாள். அதன் நிறத்துக்கு மிக்சினை ஒரு தடவை கூப்பிட்டாள். முடிந்தது. நான் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தேன்.

சைவ வரிசையில், அவியல், ஒரு கமா, சைவ... மட்டன்!

நியாயமாகப் பார்த்தால் அதன் இடம் அதுதான். சோயாவுக்கு வேறு எங்கே இடம்? ஆனால் கமலம் அக்கா? பெயரிலேயே மட்டன் இருக்கிறதே! முன்னால் 'சைவ' என்று இருந்தால் போதுமா? இல்லை, நடுவில் ஒரு வரிசை வேண்டுமா? மூன்றாவதாக ஒரு கோலம்...

என் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. வாயும் திறந்துவிட்டது. சரோஜா என் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்தாள்.

மேகலாவுக்கு என் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஆனால் அவள் முதுகு விறைத்தது தெரிந்தது. நாற்காலிக்குக் கீழே வீங்கிய பாதம் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி அழுத்திக்கொண்டது.

நான் வாயை மூடினேன்.

வாசகர்களே, சொந்தக் கையால் தொழிலை உண்டாக்கியவன் நான். பந்தி நேரத்தில் அண்டாவைக் கவிழ்த்தவன். அதெல்லாம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. அன்று அந்தக் கதவுக்குப் பின்னால் சும்மா நின்றேன் பாருங்கள்... அதுதான்.

அந்த அம்மா ஃபைலின் அளவைப் பார்த்தார். "கூடினதே தெரியவில்லை," என்றார். பிறகு ஏதோ வேகமாகச் சொன்னார். மேகலா "தேங்க் யூ, தேங்க் யூ" என்றாள். கம்ப்யூட்டர் மூடியது.

"என்னா மா சொன்னாங்க?" சரோஜா என் சட்டையை இன்னும் விடவில்லை.

"அடுத்த மாசத்துலேருந்து வீட்டுலதான்மா." மேகலா அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. சரோஜா போய் அவள் தலையைத் தடவினாள். நான் போய் ஃபேனை ஒரு நம்பர் கூட்டி வைத்தேன். ஆண்களுக்கு வேறென்ன தெரியும்?

கொஞ்ச நேரம் கழித்து மேகலா நிமிர்ந்தாள். "அப்பா, நீங்க உள்ள வந்து ஏதாச்சும் சொல்லிருவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."

"நானா? சேச்சே."

எழுதினது கொஞ்சம், வந்தது எப்படி மலை என்பது எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. அது காப்பி அடிக்கும்போது யாரும் பார்க்க மாட்டார்களா? அவள் எழுதியதில் ஒன்று, வெளியே போனதில் நூறு என்றால், எது நிஜ வெப்சைட்? கேட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்வாள். நானும் தலையாட்டுவேன்.

ஆனாலும் ஒன்று தோன்றியது. இனி அவள் வீட்டிலேயே இருக்கப் போகிறாள். கம்ப்யூட்டரும் பக்கத்திலேயே. பஸ்ஸுக்கு ஓட வேண்டிய அவசரம் கிடையாது. நல்ல சமயம்.

"மேகலா, அந்தக் கோலத்து நாலு மூலையிலயும் ஒரு மயில் வச்சா எப்படி இருக்கும்?"

"ஈமெயில் அனுப்புங்கப்பா. இனிமே கிளையண்ட்டுங்க எல்லாம் ஈமெயில்லதான் கேக்கணும்."

எனக்கு ஈமெயில் கிடையாது — அது அவளுக்கும் தெரியும்.